கரடித் தலைக்குள் ஒரு மனுஷன்

செருப்பைக் கழற்ற வேண்டாம், சத்தம் மட்டும் போடாமல் வாங்க. தரையில் ஒயர் கிடக்கிறது, பார்த்து. இது வேல்ஸில், கார்டிஃப் நகரத்து உல்ஃப் ஸ்டூடியோஸ். 2019-ல் பிபிசியிலும் எச்பிஓவிலும் வந்த ‘ஹிஸ் டார்க் மெட்டீரியல்ஸ்’ தொடர் எடுக்கிறார்கள். நமக்கு யாரும் அழைப்பு வைக்கவில்லை. மேக்கிங் வீடியோக்களும் பேட்டிகளும்தான் நம் பின்வாசல். அந்தச் சந்தில் தலையை நுழைத்த பிறகு, சத்தியமாகச் சொல்கிறேன், தொடரைவிட இந்தக் கூத்துதான் எனக்கு அதிகம் பிடித்துப்போனது!

கதை தெரியாதவர்களுக்கு ரெண்டு வரி. லைரா என்ற சிறுமியின் உலகத்தில் மனிதர்களின் ஆன்மா உடம்புக்கு வெளியே, ஒரு மிருகமாகக் கூடவே நடமாடும். பேசும், சண்டை போடும், பயந்தால் சட்டைக்குள் ஒளிந்துகொள்ளும். பேர் டீமன். குழந்தைகளின் டீமன் நினைத்தபோதெல்லாம் உருமாறும்; வளர்ந்துவிட்டால் ஒரே உருவம்தான். இந்தக் குழந்தைகளைக் கடத்தி, வடக்கே பனிக்காட்டில் ஓர் ஆய்வுக்கூடத்தில் வைத்து, அவர்களையும் அவர்களுடைய மிருகத்தையும் வெட்டிப் பிரிக்கிறார்கள். ஆமாம், குழந்தைகள் கதைதான்! 1995-ல் முதல் புத்தகம் ‘நார்தர்ன் லைட்ஸ்’ வந்ததிலிருந்து பிள்ளைகள் இதைப் போர்வைக்குள் பதுங்கிப் படித்துக்கொண்டிருக்கிறார்கள்.

சரி, இப்போது கேமராவுக்கு இந்தப் பக்கம் பாருங்க. லைராவாக நடிக்கும் டாஃப்னி கீன் தன் டீமன் பானிடம் ஏதோ கிசுகிசுக்கிறாள். திரையில் அது பளபளவென்று கீரிச் சாயலில் ஒரு வெள்ளை எர்மின். இங்கே? பாதி தைத்துக் கைவிட்ட தலையணை உறை மாதிரி ஒரு பொம்மை. தலை இருக்கிறது, உடம்பு என்று ஏதோ இருக்கிறது, பின்னால் பிடித்து ஆட்ட ஒரு குச்சி. அந்தக் குச்சியின் மறுமுனையில், கேமரா சட்டத்துக்குக் கீழே மண்டியிட்டு, கழுத்தை ஒடித்துக்கொண்டு ஒரு முழு ஆள்! நடிகை நிமிர்ந்து நடந்தால் இவர் கூடவே தவழ வேண்டும். அந்த முழங்கால் என்ன பாடுபடும்? பானின் குரலுக்குக் கிட் கானர் என்று பேர் வரும். இந்த முழங்கால் எந்த ஷாட்டிலும் தெரியாது.

பொம்மையோடு ஒத்திகை நடக்கும். பிறகு பொம்மையை உருவிக்கொண்டு போய்விடுவார்கள். இப்போது வெறுங்காற்றோடு அதே காட்சி. எந்த இடத்தில் மூக்கு இருந்தது, எந்தத் தோளில் பாரம் ஏறியது எல்லாம் நடிகரின் உடம்புக்கு ஞாபகம் இருக்க வேண்டும். அந்தக் காலி இடத்தில்தான் ஃப்ரேம்ஸ்டோர் கணினிக்காரர்கள் மயிர் மயிராக மிருகத்தை வளர்த்து வைப்பார்கள். முதல் சீசன் வந்தபோது, ‘கூட்டக் காட்சியில் ஆளுக்கொரு டீமனைக் காணோமே’ என்று ரசிகர்கள் குறைப்பட்டார்கள். ஒரு எர்மினுக்கே இவ்வளவு பாடு! ஊர் முழுக்க மிருகத்துக்கு எங்கே போவது?

அதோ, அந்த மூலை. அதற்காகத்தான் உங்களை இழுத்துவந்தேன். குழந்தைகளைக் கடத்தும் மிஸஸ் கோல்டராக ரூத் வில்சன். காலடியில் பொன்னிறக் குரங்கு. அதை ஆட்டுபவர் பிரையன் ஃபிஷர், பொம்மைக் குழுவின் தலைவர். மற்றவர்களின் டீமன்கள் வாய் ஓயாமல் பேசும். இது ஒரு வார்த்தை பேசாது. நாவலில் இதற்குப் பேர்கூடக் கிடையாது. ஆக, ஃபிஷருக்குக் கிடைத்ததெல்லாம் ஒரு தலைச்சாய்ப்பு, ஒரு பதுங்கல், நீளும் ஒரு கை. இரண்டு பேரும் சேர்ந்தே காட்சியை உருட்டிச் செதுக்குகிறார்கள்: எப்போது அம்மாள் குரங்கைப் பார்க்க மாட்டாள், எப்போது அது சுருங்கிப் பின்வாங்கும். தன் ஆன்மாவையே பிடிக்காத ஒரு பெண் என்பது வசனமே இல்லாமல் புரிந்துவிடுகிறது. என்னைக் கேட்டால் மொத்தத் தொடரின் சிறந்த நடிப்பு இந்த ஜோடிதான். அதில் ஒருவரை அழித்துவிட்டுத்தான் ஒளிபரப்பினார்கள்!

லண்டன் நேஷனல் தியேட்டரில் அழிக்கவில்லை. அங்கே 2003-ல் இதே கதை, இரண்டு பாகமாக, சுமார் ஆறு மணி நேர நாடகம். ‘தி லயன் கிங்’ மேடைக்குப் பொம்மை செய்த மைக்கேல் கரி இங்கே டீமன்களை உள்ளே விளக்கெரியும்படி செய்தார். ஆட்டுபவர்கள் கறுப்பு உடையில், முகத்திரையோடு, எல்லோர் கண்ணெதிரிலும் நின்றார்கள்.

இந்தப் பொம்மைப் பித்து எங்கே தொடங்கியது? ஆக்ஸ்ஃபோர்டில், இந்தக் கதையை எழுதிய ஃபிலிப் புல்மனின் அன்றைய வீட்டுத் தோட்டத்துக் கொட்டகையில் எட்டிப் பார்க்கலாம். ஒரே குப்பை! புத்தகக் குவியல், கிடார், சாக்ஸஃபோன், கூடவே ஆறடி நீளத்தில் பஞ்சடைத்த எலி ஒன்று. அவர் எழுதிய ஷெர்லக் ஹோம்ஸ் நாடகத்தில் நடித்த எலியாம். இதற்கு நடுவே உட்கார்ந்து ஒரு நாளைக்கு மூன்று பக்கம், கையால் எழுதினார். தான் கடன்பட்டவற்றில் ஒன்றாக அவர் சொல்வது ஜெர்மானிய எழுத்தாளர் கிளைஸ்ட் 1810-ல் எழுதிய ஒரு கட்டுரையை. அது எதைப் பற்றி? பொம்மலாட்டத்தைப் பற்றி! அதில் ஒரு கரடி வருகிறது. வாள்வீரன் எப்படிக் குத்தினாலும் தட்டிவிடுகிறது, பொய்க்குத்துக்கு அசைவதே இல்லை. புல்மன் அந்தக் கரடிக்குக் கவசம் மாட்டி, இயோரெக் பர்னிசன் என்று பேர் வைத்தார்.

கார்டிஃபில் அந்த இயோரெக் யார் என்கிறீர்களா? குரல் கொடுத்த ஜோ டேண்ட்பெர்க்தான். பெரிய கரடித் தலையோடு தளத்துக்கே வந்து, டாஃப்னிக்கு எதிரே நின்று வசனம் பேசுகிறார். அந்தத் தலைக்குள் எவ்வளவு புழுங்குமோ! அடடா, ஷாட்டுக்குக் கூப்பிட்டுவிட்டார்கள். கொஞ்சம் சுவரோரமாக ஒதுங்குங்க, கரடி திரும்புவதற்கு இடம் நிறைய வேணும்.