இரண ஜன்னிக்கான தீவிர சிகிச்சை

இரண ஜன்னிக்கான தீவிர சிகிச்சை என்பது, கடுமையான இரண ஜன்னி (ஏற்புவலி, தனுர்வாதம்) கண்ட நோயாளியின் மூச்சையும் இதய இயக்கத்தையும், நோயின் நஞ்சு வலுவிழக்கும் வரை தாங்கி நிற்கும் மருத்துவ முறையாகும். நரம்பில் ஒருமுறை பற்றிக்கொண்ட நஞ்சை அகற்றும் மருந்து எதுவும் இல்லை. ஆகவே இச்சிகிச்சை நோயை நேரடியாகக் குணப்படுத்துவதில்லை. உடல் தானாக மீள்வதற்குத் தேவையான கால அவகாசத்தைப் பெற்றுத் தருகிறது. இத்துறையில் இலங்கை மருத்துவர்களின் பங்களிப்பு குறிப்பிடத்தக்கது.

நோய்க்காரணம்

குளோஸ்டிரிடியம் டெட்டனி என்னும் பாக்டீரியாவே இந்நோய்க்குக் காரணம் ஆகும். இதன் வித்துகள் மண்ணிலும் கால்நடைகளின் சாணத்திலும் பல ஆண்டுகள் அழியாமல் இருக்கக்கூடியவை. கும்பகோணத்துக்கும் மயிலாடுதுறைக்கும் இடையே காவிரிக் கரையில் அமைந்துள்ள குத்தாலம் போன்ற நெல் விளையும் ஊர்களில், நடவும் களையெடுப்பும் பெரும்பாலும் வெறுங்காலுடனேயே நடைபெறுகின்றன. காலில் தைக்கும் முள்ளும் கையை அறுக்கும் அரிவாளும் இவ்வித்துகள் உடலினுள் புக வழி செய்யலாம். துருவே நோயை உண்டாக்குகிறது என்ற கருத்து தவறானது. காற்றுப் புகாத ஆழமான காயமும் அதில் சேரும் மண்ணுமே உண்மையான காரணங்கள்.

காயத்தில் பெருகும் பாக்டீரியா டெட்டனோஸ்பாஸ்மின் என்ற நஞ்சைச் சுரக்கிறது. இது நரம்புகளின் வழியே தண்டுவடத்தை அடைந்து, தசைகளைத் தளர்த்தும் கட்டளைகளைக் கடத்தும் கிளைசின், காபா ஆகிய வேதிப்பொருள்கள் வெளிப்படுவதைத் தடுக்கிறது. இதனால் தசைகள் கட்டுப்பாடின்றி இறுகுகின்றன.

நோயின் போக்கு

காயம் பட்ட 3 முதல் 21 நாட்களுக்குள் பொதுவாக அறிகுறிகள் தோன்றும். முதலில் தாடை இறுகி வாயைத் திறக்க இயலாமல் போகும். பின்னர் கழுத்து, வயிறு, முதுகுத் தசைகள் விறைக்கும். உடல் வில்லைப் போல் பின்புறமாக வளைவதாலேயே தனுர்வாதம் என்ற பெயர் ஏற்பட்டது (தனுசு - வில்). சிறு ஒலி, வெளிச்சம், தொடுகை ஆகியவையும் இசிவைத் தூண்டக்கூடும். இவ்வளவுக்கும் நோயாளி நினைவு இழப்பதில்லை. வலி முழுவதையும் உணர்கிறார். குரல்வளைத் தசைகள் இறுகினால் சில நிமிடங்களில் மூச்சடைத்து இறக்க நேரிடும். முதல் அறிகுறிக்கும் முதல் இசிவுக்கும் இடைப்பட்ட காலம் 48 மணி நேரத்துக்கும் குறைவாக இருந்தால் நோய் கடுமையாக இருக்கும் என எதிர்பார்க்கலாம்.

சிகிச்சை

* நரம்பை இன்னும் அடையாத நஞ்சை முறிக்க இம்யூனோகுளோபுலின் ஊசி போடப்படுகிறது.
* காயம் திறந்து தூய்மை செய்யப்படுகிறது. மெட்ரோனிடசோல் போன்ற மருந்துகள் பாக்டீரியாவை அழிக்கின்றன.
* நோயாளி அமைதியான, மங்கிய ஒளியுள்ள அறையில் வைக்கப்படுகிறார். டயசிபம் அல்லது மிடசோலம் இசிவைத் தணிக்கிறது.
* கடும் நிலையில் மூச்சுக்குழலில் துளையிட்டுக் குழாய் பொருத்தப்படுகிறது. தசைத் தளர்த்திகள் கொடுக்கப்பட்டு, செயற்கைச் சுவாசக் கருவி இணைக்கப்படுகிறது.
* குழாய் வழி உணவு, படுக்கைப்புண் தடுப்பு, சளி அகற்றல் ஆகியவை வாரக்கணக்கில் தொடர்கின்றன.

கோபன்ஹேகன் நகரில் 1952ல் பரவிய இளம்பிள்ளை வாதத்தின்போது செயற்கைச் சுவாச முறை பெரும் வெற்றி கண்டது. அதே நகர மருத்துவர்கள் இரண ஜன்னிக்கும் இம்முறையைக் கையாண்டு, 1954ல் தம் அனுபவத்தை வெளியிட்டனர். மூச்சடைப்பால் நேரும் இறப்புகள் குறைந்த பின்னர் மற்றோர் ஆபத்து தெளிவாயிற்று. தன்னியக்க நரம்பு மண்டலம் நிலைகுலைவதால் இரத்த அழுத்தமும் இதயத்துடிப்பும் திடீரென உயர்ந்தும் தாழ்ந்தும் உயிரைப் பறிக்கின்றன.

மக்னீசியம் சல்பேட்டு

செயற்கைச் சுவாசக் கருவிகள் போதிய அளவில் இல்லாத மருத்துவமனைகளுக்கு மாற்றுவழி தேவைப்பட்டது. இலங்கை மருத்துவர்களான அத்திகல, ரொட்ரிகோ ஆகியோர், பேறுகால வலிப்புக்குப் பயன்பட்டு வந்த மக்னீசியம் சல்பேட்டை இரண ஜன்னிக்குப் பயன்படுத்தி 1997லும் 2002லும் ஆய்வுகளை வெளியிட்டனர். விலை குறைந்த இம்மருந்து நரம்பு முனைகளில் கால்சியம் நுழைவதைக் குறைத்து இசிவைத் தணிக்கிறது. அளவு மிகுந்தால் மூச்சே நின்றுவிடலாம். எனவே முழங்கால் அனிச்சைச் செயல் மறைகிறதா என அடிக்கடி சோதிக்கப்படுகிறது. எளிய சுத்தியல் ஒன்றே இதற்குப் போதும். மாற்று மருந்தாகக் கால்சியம் குளுக்கோனேட்டு அருகில் வைக்கப்படுகிறது.

வியட்நாமில் 256 நோயாளிகளிடம் நடத்தப்பட்டு 2006ல் வெளியான ஆய்வில், மக்னீசியம் செயற்கைச் சுவாசத்தின் தேவையைக் குறைக்கவில்லை எனத் தெரியவந்தது. எனினும் இசிவையும் இதயத்துடிப்பின் நிலையின்மையையும் கட்டுப்படுத்தும் பிற மருந்துகளின் தேவை குறைந்தது. ஆகவே இது தீவிர சிகிச்சைக்குத் துணையே அன்றி அதற்கு ஈடன்று.

கிராமத்திலிருந்து மருத்துவமனைக்கு

குத்தாலம் பகுதி நோயாளி ஒருவருக்குத் தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை போன்ற பெரிய நிலையம் தேவைப்படலாம். வண்டியின் குலுக்கலும் ஒலியும் இசிவைத் தூண்டும் என்பதால், முதலில் பார்க்கும் மருத்துவர் இசிவைத் தணித்து, மூச்சுப்பாதையை உறுதி செய்த பின்னரே அனுப்புதல் நலம். தமிழ்நாட்டில் 2008ல் தொடங்கிய 108 அவசர ஊர்திச் சேவை இப்பயணத்துக்கு உதவுகிறது.

தடுப்பு

நோயை உண்டாக்கும் நஞ்சின் அளவு மிகச் சிறியது. அது உடலில் எதிர்ப்பாற்றலைத் தூண்டப் போதாது. எனவே ஒருமுறை பிழைத்தவருக்கும் நோய் மீண்டும் வரலாம். அவருக்கும் தடுப்பூசி போட வேண்டும். தமிழ்நாட்டில் 2011 டிசம்பர் முதல் குழந்தைகளுக்கு 6, 10, 14 ஆவது வாரங்களில் ஐந்து நோய்களுக்கான கூட்டுத் தடுப்பூசி போடப்படுகிறது. பின்னர் வலுவூட்டும் ஊசிகள் தரப்படுகின்றன. கருவுற்ற பெண்களுக்கும் தடுப்பூசி உண்டு. இந்தியா தாய்சேய் இரண ஜன்னியை ஒழித்த நாடாக 2015ல் அறிவிக்கப்பட்டது.

எனினும் இந்நோய் ஒருவரிடமிருந்து மற்றொருவருக்குத் தொற்றுவதில்லை. ஆகவே ஊரில் மற்றவர்கள் போட்டுக்கொண்ட ஊசி, போடாதவரைக் காப்பதில்லை. சிறுவயது ஊசியின் ஆற்றல் காலப்போக்கில் குறைவதால், வயலில் உழைக்கும் முதியவர்களுக்கும் வலுவூட்டும் ஊசி அவசியமாகும். வித்துகளை மண்ணிலிருந்து அகற்ற இயலாது. வாரக்கணக்கில் நீளும் தீவிர சிகிச்சையைத் தவிர்க்க, உரிய காலத்தில் போடப்படும் தடுப்பூசியே உறுதியான வழியாகும்.