பத்தலங்குண்டில் எட்டாம் மாதம்

பாலாவிச் சந்தியிலிருந்து கல்பிட்டிக்குச் சுமார் 40 கிலோமீற்றர். அதற்கப்பால் பஸ் இல்லை. வடக்கே கடலில் இருக்கும் பத்தலங்குண்டுத் தீவுக்குப் போவதென்றால் படகுதான். பாலாவியில் பல வருடங்கள் வேலை செய்தும் நான் அங்கு போனதில்லை. கடந்த பெப்ரவரியில், கர்ப்பிணித் தாய்மாரின் விபரம் திரட்டுவதற்காக முதன்முறையாகப் போனேன்.

மீன் ஏற்றப் போகும் படகில் இடம் கிடைத்தது. ஐஸ் பெட்டிகள், அரிசி மூட்டை, காஸ் சிலிண்டர், அவற்றுக்கு நடுவே நான். இரண்டு மணித்தியாலமளவு பயணம். செருப்பைக் கையில் பிடித்தபடி முழங்கால் தண்ணீரில் இறங்கியதும் கருவாட்டு வாடைதான் வரவேற்றது.

நீர்கொழும்பு, சிலாபம் பக்கமிருந்து மீன்பிடிக்க வந்து வாடி போட்டவர்கள் இங்கே அதிகம். தமிழும் சிங்களமும் ஒரே பேச்சில் கலந்து வருகின்றன. வலை கரைக்கு வந்த பிறகு வேலை பெண்களுடையது. மீனை வகிர்ந்து, குடல் எடுத்து, உப்பிட்டு, இரவு முழுக்க ஊறவைத்து, காலையில் கழுவிக் காயப்போடுகிறார்கள். பொழுது சாய்ந்தால் பனி படாமல் அள்ள வேண்டும். என் படிவத்தில் 'தொழில்' என்ற இடத்தில் எல்லோருக்கும் 'வீட்டுப்பணி' என்று எழுதிக்கொண்டு வந்தேன். ஐந்தாவது வாடியில் வெட்கப்பட்டு எல்லாவற்றையும் வெட்டி எழுதினேன்.

அந்த வாடியில்தான் அந்தத் தங்கச்சியைக் கண்டேன். ஏழு மாதம் முடிந்த வயிற்றோடு குனிந்து மீன் புரட்டிக்கொண்டிருந்தாள். கிளினிக் அட்டையைப் பார்த்தேன். கடைசி இரண்டு திகதிகளுக்கும் போகவில்லை.

"எட்டு மாசமானா கல்பிட்டிக்குப் போயிடணும் எண்டு தெரியும் மிஸ். போனா இந்த மீனை யார் காயப்போடுற?"

இப்பக்கக் கடலில் ஒக்டோபர் முதல் ஏப்ரல் வரைதான் நல்ல பருவம். பின்னர் தென்மேல் பருவக்காற்று வந்துவிடும். பருவத்தின் நடுவில் கரைக்குப் போனால் உழைப்பும் போகும், அறை வாடகையும் சேரும். முதலாளியிடம் வாங்கிய முற்பணம் வேறு. அவசரத்துக்குத் தனிப் படகு பிடிப்பதும் லேசல்ல. 2022 ஓகஸ்டில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவாக ஏறிய நாட்களை எல்லோரும் சொன்னார்கள்.

நமது நாட்டில் நூற்றுக்கு 99க்கும் மேற்பட்ட பிரசவங்கள் ஆஸ்பத்திரியில்தான் நடக்கின்றன, அதுவும் இலவசமாக. கூட்டங்களில் இதை நானே பெருமையாகச் சொல்லியிருக்கிறேன். ஆஸ்பத்திரி வாசல் வரை போய்ச் சேரும் செலவை யாரும் கணக்கில் எடுப்பதில்லை.

இரத்த அழுத்தம் கூடினால், திடீரென்று இரத்தம் போனால் என்ன ஆகும் என்று விளக்கிக்கொண்டிருந்தேன். அதுவரை வாய் திறக்காத மாமியார் கத்தியைக் கீழே வைத்தார்.

"என்ட ரெண்டாவது பிள்ளை போட்டிலதான் பொறந்திச்சு மகள். கரை தெரியக்குள்ள மூச்சு நிண்டு போச்சு."

மருமகளுக்கே அது புதிய செய்தி. யாரும் பேசவில்லை. பிறகு பக்கத்து வாடி அக்கா, "உன்ட பங்கை நாங்க மாறி மாறிக் காயப்போடுறம், நீ போ" என்றார்.

கிளினிக் நாளன்று கல்பிட்டியில் காத்து நின்றேன். காற்று பலம், படகு வரவில்லை. மறுநாள் காலை இருவரும் வந்திறங்கினார்கள். மாமியார் தலையில் ஒரு பொதி கருவாடு. அறை வாடகையில் பாதிக்கு வீட்டுக்காரம்மா அதை ஏற்றுக்கொண்டாராம்.