குழாய் வைத்த பிறகும் சொட்டு மருந்து ஏன்?

கிளாக்கோமாவுக்குக் குழாய் பொருத்தியாயிற்று. பிறகும் ஏன் சொட்டு மருந்து? மதுரை ஆரோலேப் நிறுவனம் 2013-இல் கொண்டுவந்த 'ஆடி' வடிகுழாய்க் கருவியில் வால்வு கிடையாது. கண்ணுக்குள் ஊறும் நீர் மெல்லிய சிலிகோன் குழாய் வழியே, வெள்ளைவிழி மேல் தைத்த 350 சதுர மி.மீ. தகட்டுக்கு வடிய வேண்டும். தகட்டைச் சுற்றித் திசு உறை வளருமுன் வடியவிட்டால் கண் அழுத்தம் அதலபாதாளத்துக்குப் போய்விடும், பார்வைக்கே ஆபத்து. அதனால் தானே கரையும் நூலால் குழாயை இறுகக் கட்டிவிடுகிறார்கள். நூல் கரைய ஐந்தாறு வாரம். அதுவரை அழுத்தத்தை அடக்குவது சொட்டு மருந்துதான்.

கட்டு அவிழும் நாட்களில்தான் கூடுதல் கவனம் வேண்டும். வலியோ மங்கலோ தெரிந்தால் அன்றைக்கே மருத்துவரைப் பாருங்கள். பழவங்காடி கணபதி கோயிலில் தேங்காய் உடைப்பதாக வேண்டுதலா? குனிந்து ஓங்கி எறிவதை, மருத்துவர் சரி என்னும்வரை வீட்டார் செய்யட்டும். மருந்தையும் நீங்களாக நிறுத்தாதீர்கள்.