குழந்தையின் கூழும் முளை மாவும்

பிறந்த நாள் முதல் ஆறு மாதம் முடியும்வரை குழந்தைக்குத் தாய்ப்பால் ஒன்றே போதுமான ஆகாரமாகும். அதன் பிறகு, தாய்ப்பாலை நிறுத்தாமலே, வேறு உணவையும் சேர்த்துக் கொடுத்தல் வேண்டும். இந்த மாறுதல் நிகழும் காலமே, அதாவது ஆறாம் மாதம் முதல் இரண்டு வயது வரையுள்ள காலமே, குழந்தையின் வளர்ச்சியில் மிகவும் நெருக்கடியானதாகும். அப்போது தடைப்பட்ட வளர்ச்சியைப் பின்னர் முற்றிலும் ஈடுசெய்தல் அரிது.

2019-21 ஆண்டுகளில் நடைபெற்ற ஐந்தாவது தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, நம் நாட்டில் ஐந்து வயதிற்குட்பட்ட குழந்தைகளில் 35.5 சதவிகிதத்தினர் வயதிற்கேற்ற உயரமின்றி இருந்தனர். ஆறு மாதம் முதல் இருபத்து மூன்று மாதம் வரையுள்ள குழந்தைகளில் போதுமான உணவு பெற்றவர்கள் 11.3 சதவிகிதத்தினரே. இந்நிலைக்கு வறுமையும் நோயும் முக்கிய காரணங்கள் என்பதில் ஐயமில்லை. ஆயினும், வீட்டில் தானியம் இருந்தும் குழந்தை மெலிவதுண்டு. அதற்கு ஒரு காரணம் கூழின் தன்மையிலேயே அடங்கியிருக்கிறது.

சிறிய இரைப்பை, பெரிய தேவை

குழந்தையின் இரைப்பை, உடல் எடையில் ஒவ்வொரு கிலோகிராமுக்கும் ஏறக்குறைய 30 கிராம் உணவையே ஏற்கும். ஏழு கிலோகிராம் எடையுள்ள எட்டு மாதக் குழந்தை ஒரு வேளையில் சுமார் 200 கிராம் கூழ்தான் உண்ண இயலும். தாய்ப்பால் ஓரளவு கிடைக்கும் குழந்தைக்கு, ஆறு முதல் எட்டு மாதம் வரை நாளொன்றுக்குச் சுமார் 200 கலோரியும், ஒன்பது முதல் பதினொரு மாதம் வரை 300 கலோரியும், இரண்டாம் வயதில் 550 கலோரியும் பிற உணவிலிருந்து கிடைக்கவேண்டும் என உலகச் சுகாதார ஸ்தாபனம் கணித்துள்ளது.

200 கிராம் நீர்த்த கஞ்சியில் பத்து கிராம் மாவு இருப்பதாகக் கொள்வோம். அதிலிருந்து கிடைப்பது ஏறத்தாழ 35 கலோரியே. மூன்று வேளை வயிறு நிறையக் கொடுத்தாலும் சுமார் 105 கலோரிதான் சேரும். எட்டு மாதக் குழந்தைக்கு இது தேவையில் பாதி. பத்து மாதக் குழந்தைக்கு மூன்றில் ஒரு பங்கு. குழந்தையின் வயிறு நிறைகிறது. உடலோ பட்டினி கிடக்கிறது.

அதே 200 கிராம் கூழில் 40 கிராம் மாவு இருந்தால் 140 கலோரி கிடைக்கும். அவ்வாறாயின் மாவை மிகுதியாக இட்டால் என்ன என்னும் கேள்வி எழலாம். அவ்வளவு மாவு இட்ட கூழ் களியைப் போல் இறுகிவிடும். பல் முளைக்கத் தொடங்கும் பருவத்தில் குழந்தையால் அதை விழுங்க முடியாது; துப்பிவிடும். ஆகவே தாய் தண்ணீர் சேர்க்கிறாள். இது அவளுடைய கவனக்குறைவன்று. குழந்தை விழுங்கவேண்டுமே என்ற கவலையினால் நேர்வதாகும்.

கூழ் இறுகுவது ஏன்?

தானியத்தில் மாவுச்சத்து மிக நுண்ணிய மணிகளாக அமைந்துள்ளது. நீரில் சூடாக்கும்போது இம்மணிகள் தம் எடையைப் போலப் பல மடங்கு நீரை உறிஞ்சி உப்புகின்றன. பாத்திரத்திலுள்ள நீரெல்லாம் இவ்வாறு பிணிக்கப்படுவதனால் கூழ் இறுகுகிறது. மாவுச்சத்தின் நீண்ட சங்கிலிகளைத் துண்டித்துவிட்டால் நீர் விடுபட்டுக் கூழ் நெகிழும். சங்கிலி அறுபடுவதால் கலோரி சிறிதும் குறையாது.

இந்த வேலையை இயற்கையே செய்கிறது. விதை முளைக்கும்போது, தன்னுள் சேமித்து வைத்த மாவுச்சத்தைச் சர்க்கரையாக மாற்றி இளம் பயிருக்கு ஊட்டவேண்டியிருக்கிறது. இதற்காக அமைலேஸ் என்னும் நொதியை அது மிகுதியாக உண்டாக்குகிறது. முளைகட்டி உலர்த்தி அரைத்த மாவிலும் இந்த நொதி கெடாமல் தங்கியிருக்கும். அத்தகைய மாவில் ஒரு தேக்கரண்டியளவு, கெட்டியான ஒரு கிண்ணம் கூழைச் சில நிமிஷங்களில் நெகிழச் செய்துவிடும்.

தமிழ்நாட்டிலும் கர்நாடகத்திலும் குழந்தைகளுக்கு முளைகட்டிய கேழ்வரகு மாவு கொடுக்கும் வழக்கம் நெடுங்காலமாக உண்டு. இம்முறையின் விஞ்ஞான அடிப்படையை மைசூரிலுள்ள மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிலையமும், பரோடா மகாராஜா சயாஜிராவ் பல்கலைக்கழகமும் 1980களில் விரிவாக ஆராய்ந்தன. முளை மாவைச் சிறிதளவே சேர்த்து, கெட்டிக் கூழைக் குழந்தை உண்ணத்தக்க பதத்திற்குக் கொண்டுவரலாம் என்பது அந்த ஆராய்ச்சிகளால் தெளிவாயிற்று.

தயாரிக்கும் முறை

கோதுமை, கேழ்வரகு, பார்லி ஆகியவற்றுள் ஒன்றைக் கல், பதர் நீக்கிக் கழுவி, சுத்தமான நீரில் ஓர் இரவு ஊறவைக்கவேண்டும். நீரை வடித்து, ஈரத்துணியில் கட்டி, அவ்வப்போது நீர் தெளித்து ஒன்றிரண்டு நாள் முளைக்கவிடவேண்டும். பின்னர் வெயிலில் நன்கு உலர்த்தி, முளையையும் வேரையும் தேய்த்து நீக்கி, அரைத்துச் சலித்து, ஈரமற்ற மூடிய பாத்திரத்தில் வைத்துக்கொள்ளலாம். உலர்ந்த தானியத்தைச் சிவக்க வறுக்கலாகாது. வறுத்தால் மணம் கூடும், நொதி அழியும்.

கூழை வழக்கம்போல், ஆனால் மாவை மிகுதியாக இட்டு, நன்கு வேகவைக்கவேண்டும். அடுப்பிலிருந்து இறக்கி, கொதி அடங்கியபின் ஒரு தேக்கரண்டி முளை மாவைத் தூவிக் கிளறவேண்டும். கொதிக்கும்போதே இட்டால் நொதி செயலற்றுப்போகும். பத்து நிமிஷத்தில் கூழ் நெகிழ்ந்ததும், மீண்டும் ஒருமுறை கொதிக்கவிட்டு இறக்கவேண்டும். முளைகட்டும்போது கிருமிகளும் பெருகக்கூடும் ஆதலால் இந்த இரண்டாம் கொதி இன்றியமையாதது.

கவனிக்கவேண்டியவை

சோளத்தை இதற்குப் பயன்படுத்தாமலிருப்பதே நலம். சோளம் முளைக்கும்போது, சயனைடு என்னும் நஞ்சைத் தோற்றுவிக்கும் பொருள் அதன் முளையில் மிகுகிறது. பூசணம் பிடித்த எந்தத் தானியத்தையும் எறிந்துவிடவேண்டும்.

கூழ் நெகிழ்ந்திருப்பது வேறு, நீர்த்திருப்பது வேறு. முழுவதும் முளைகட்டிய மாவினாலேயே கூழ் காய்ச்சும் வீடுகளில் இதனை மறத்தலாகாது. அக்கூழ் இயல்பாகவே இளகியிருக்கும். ஆகவே மாவின் அளவை உயர்த்தினாலன்றிப் பயன் விளையாது. இளகிய கூழாயினும் புட்டியில் ஊற்றிக் கொடுக்கலாகாது. கிண்ணமும் கரண்டியுமே ஏற்றவை. புட்டியைச் சுத்தம் செய்தல் கடினம். அதனால் வயிற்றுப்போக்கு நேரும்.

முளை மாவு கூழின் பருமனைக் குறைக்கும் கருவியே தவிர, முழு உணவாகாது. தானியப் புரதத்தில் லைசின் குறைவு. பருப்பில் அது மிகுதி. எனவே மூன்று பங்கு தானியத்துடன் ஒரு பங்கு பருப்பு சேர்த்தல் நன்று. ஒரு தேக்கரண்டி எண்ணெயோ நெய்யோ ஏறக்குறைய 45 கலோரி கூட்டும். பிறக்கும்போது குழந்தையின் உடலில் சேர்ந்திருந்த இரும்புச்சத்து ஆறு மாதத்திற்குள் பெரும்பாலும் செலவாகிவிடும்; தாய்ப்பாலில் அது குறைவு. ஆதலால் மசித்த கீரை, பழம், வழக்கமுள்ள வீடுகளில் முட்டை, மீன், இறைச்சி ஆகியவையும் சேரவேண்டும்.

எட்டு மாதம் வரை நாளுக்கு இரண்டு அல்லது மூன்று வேளையும், அதன்பின் மூன்று அல்லது நான்கு வேளையும் உணவு கொடுக்கவேண்டும். காய்ச்சலிலும் வயிற்றுப்போக்கிலும் உணவை நிறுத்தாமல், சிறிது சிறிதாகப் பல வேளை கொடுத்தல் அவசியம். காலையில் வயலுக்கோ வேலைக்கோ செல்லும் தாய் ஒருத்தியால் மட்டும் இவ்வளவும் இயலாது. பாட்டியும் தந்தையும் இந்தப் பொறுப்பில் பங்குகொள்ளவேண்டும். முளை மாவை ஒருமுறை தயாரித்து வைத்துக்கொண்டால், கூழ் காய்ச்சும் முறையை வீட்டிலுள்ள எவரும் எளிதில் கற்றுக்கொள்ளலாம்.

ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சிப் பணிகள் திட்டம் 1975ஆம் ஆண்டு அக்டோபர் 2ஆம் நாள் தொடங்கப்பெற்றது. அதன் அங்கன்வாடிகளில் குழந்தைகளை எடை பார்க்கிறார்கள். மூன்று வயதிற்குட்பட்டோருக்கு வீட்டிற்கு எடுத்துச்செல்லும் உணவும் வழங்குகிறார்கள். எடை பார்க்கும் நாளில் ஒரு கிண்ணம் கெட்டிக் கூழையும் ஒரு தேக்கரண்டி முளை மாவையும் வைத்துத் தாய்மார்களுக்குச் செய்து காட்டினால், நீண்ட விளக்கம் தேவைப்படாது. கண்ணெதிரே கூழ் இளகுவதைக் கண்டவர், குழந்தையின் கிண்ணத்தில் தண்ணீருக்குப் பதிலாக மாவைக் கூட்டத் துணிவர்.