தோணி கரையேறும் நாள்

மட்டக்களப்பு வாவிக்கும் வங்காள விரிகுடாவுக்கும் இடையே நீண்டு கிடக்கும் மணற்கரையில், ஆண்டுதோறும் ஐப்பசி பிறந்ததும் ஒரு வினா எழுகின்றது. நாவலடி, கல்லடி, பாலமீன்மடு ஆகிய ஊர்களில் கடலை நம்பி வாழ்வோர் அனைவருக்கும் அது பொதுவான வினா. தோணியை எப்போது கரையேற்றுவது என்பதே அது. கேட்பதற்கு எளிய வினாவே. ஆயினும் அதன் விடையில் ஒரு குடும்பத்தின் முதலும், சில வேளைகளில் உயிரும் தங்கியிருக்கின்றன.

இதன் காரணத்தை உணரக் காற்றின் போக்கை முதலில் அறிதல் வேண்டும். மே முதல் செப்டெம்பர் வரை இலங்கையில் வீசுவது தென்மேற்குப் பருவக்காற்று. அது தன் ஈரத்தை மலைநாட்டின் மேற்குச் சரிவிலேயே பொழிந்துவிட்டு, வறண்ட காற்றாகக் கிழக்கே இறங்குகின்றது. அதனை மக்கள் கச்சான் என்பர். தரையிலிருந்து கடலை நோக்கி வீசுவதால், கிழக்குக் கரையோரத்தில் அது பேரலைகளை எழுப்புவதில்லை. ஒக்டோபர், நவம்பர் மாதங்களில் காற்றுத் திசை தடுமாறுகின்றது. பிற்பகலில் இடியும் மின்னலும் சேர்ந்து மழை பெய்கின்றது. டிசெம்பர் முதல் பெப்ரவரி வரை வடகீழ்ப் பருவக்காற்றாகிய வாடை நிலைபெறுகின்றது. விரிகுடாவின் பரந்த நீர்ப்பரப்பின்மேல் தடையின்றி வரும் அக்காற்று, அலைகளை நேரே கரைமீது தள்ளுகின்றது. கச்சான் காலத்தில் முற்றம்போல் இருந்த கரை, மாரி காலத்தில் போர்க்களமாகி விடுகின்றது.

மேற்குக் கரையின் நிலைமை இதற்கு நேர்மாறானது. நீர்கொழும்பு, சிலாபம் ஆகிய இடங்களில் தென்மேற்குக் காற்றினாலேயே கடல் கொந்தளிக்கும். ஆகவே அங்குள்ள மீனவர் பலர் அம்மாதங்களில் கிழக்குக் கரைக்கு வந்து, வாடி அமைத்துத் தொழில் செய்வது நெடுநாளைய வழக்கம். மாரி நெருங்கும்போது அவர்கள் தம் ஊருக்குத் திரும்புவர். இங்கே தோணி கரையேறும் காலத்தில் அங்கே தோணி கடலிறங்குகின்றது. ஒரே தீவில் இரு கரைகளுக்கு இரு பருவங்கள்!

அவ்வாறாயின் நாட்காட்டியைப் பார்த்து ஒரு நாளைக் குறித்துவிடலாகாதோ எனச் சிலர் வினவக்கூடும். அது இயலாது. சில ஆண்டுகளில் கார்த்திகை நடுப்பகுதி வரை கடல் அமைதியாக இருக்கும். சில ஆண்டுகளில் ஐப்பசியிலேயே சீறும். முதல் மழையும் நம்பத்தக்க அடையாளம் அன்று. பிற்பகல் இடிமழை ஒரு மணி நேரத்தில் ஓய்ந்துவிடும். மறுநாட் காலையில் கடல் தெளிந்திருக்கும். அனுபவம் மிக்கோர் நோக்குவது வேறொன்று: காற்றில்லாத நாளில் அலை உயர்கின்றதா என்பதே. தொலைவில் ஒரு புயல் உருவாகும்போது, அங்கு எழும் நெடிய அலைகள் புயலை முந்திக்கொண்டு ஓடி வருகின்றன. வானம் நீலமாக இருக்கையில், ஓரலைக்கும் மறு அலைக்கும் இடையே நீண்ட இடைவெளி விட்டுக் கரையில் பேரலைகள் மோதுமாயின், கண்ணுக்கு எட்டாத இடத்தில் கடல் குழம்பியிருக்கின்றது என்று கொள்ளலாம். இவ்வடையாளத்தையும் வளிமண்டலவியல் திணைக்களத்தின் எச்சரிக்கையையும் ஒருங்கு வைத்துப் பார்ப்பதே அறிவுடைமை. கரையில் அமைதி நிலவுகின்றதெனக் கருதி எச்சரிக்கையைப் புறக்கணித்தல் பெரும் பிழையாகும்.

1978ஆம் ஆண்டு நவம்பர் 23ஆம் நாள் மட்டக்களப்பைத் தாக்கிய சூறாவளியை முதியோர் இன்றும் மறக்கவில்லை. கிழக்கு மாகாணத்தில் பல நூறு உயிர்கள் மாண்டன. தென்னந்தோப்புகள் வேரோடு சாய்ந்தன. அந்நாள் கார்த்திகையின் முற்பகுதி என்பது கருதத்தக்கது. இன்னும் சில நாள் பார்ப்போம் என்று பலரும் எண்ணும் காலம் அதுவே.

கடலுக்குச் செல்லும் தோணிக்கும் வாவியில் மிதக்கும் தோணிக்கும் ஒரே நாள் பொருந்தாது. ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீளமுள்ள வாவியின் முகத்துவாரம் வறண்ட மாதங்களில் மணல் திட்டினால் அடைபட்டிருக்கும். மாரியில் ஆறுகள் பெருகி வாவியின் நீர்மட்டம் உயரும். திட்டுத் தானே உடையும், அல்லது வயல்களை வெள்ளத்தினின்று காக்க அதனை வெட்டிவிடுவர். அப்போது முகத்துவாரத்தில் நீரோட்டம் வேகங்கொள்ளும். வெளியே பாயும் வெள்ளமும் உள்ளே வரும் அலையும் மோதும் அவ்விடத்தைச் சிறு தோணியில் கடப்பது ஆபத்தானது. ஆயினும் வாவியின் உட்பகுதியில் தொழில் நின்றுவிடுவதில்லை. ஆகவே கடற்றோணி கரையேறிய பின்னரும் வாவித்தோணி பலருக்குச் சோறளிக்கின்றது.

இவ்வளவும் அறிந்தவர்கள் ஏன் தாமதிக்கின்றனர்? இல்லாமையே காரணம். கடலுக்குப் போகாத நாளில் அடுப்பெரிவது அரிது. முதலாளியிடம் பெற்ற முன்பணமும் நிலுவையில் நிற்கின்றது. ஆகவே மாரிக்கு முந்திய ஒவ்வொரு நல்ல நாளும் பொன்னாகத் தோன்றுகின்றது. ஆயினும் இரு தட்டுகளையும் நிறுத்துப் பார்த்தல் வேண்டும். முந்திக் கரையேற்றினால் இழப்பது இரண்டொரு நாளைய மீன். பிந்திக் கரையேற்றினால் இழப்பது தோணியும் வலையும் இயந்திரமும். முன்னது தை பிறந்தபின் ஈடுசெய்யத்தக்கது. பின்னதைப் பல ஆண்டுக் கடனாலும் ஈடுசெய்தல் அரிது. கடைசி நல்ல நாள் எதுவென்பது அது கழிந்த பின்னரே தெரியவரும். எனவே சில நல்ல நாட்களைக் கைவிடுதல் பாதுகாப்புக்குச் செலுத்தும் விலையாகும்.

குளிர்நாடுகளிலும் இத்தகைய கணக்கொன்று உண்டு. அங்கே பனிக்காலத்தில் வீதிகளில் பனிக்கட்டி உருகுமாறு உப்பைத் தூவுவர். அவ்வுப்பு இரும்பை அரிக்கும். ஆதலால் விலையுயர்ந்த விளையாட்டுக் கார் வைத்திருப்போர், வீதியில் உப்பு விழுமுன்னரே அதனைக் கொட்டகையில் அடைத்து விடுகின்றனர். அவர்கள் இழப்பது உல்லாசப் பயணம். மட்டக்களப்பு மீனவர் இழப்பது ஒரு நாட் கூலி. வேறுபாடு பெரிது, ஆயினும் முறை ஒன்றே.

கரையேற்றுவதிலும் ஒழுங்கு தேவை. ஒரு படகை மணலில் இழுக்கப் பல கைகள் வேண்டும். எல்லோரும் கடைசி நாள்வரை காத்திருப்பின், அந்நாளில் ஒருவருக்கு ஒருவர் உதவ ஆளிராது. ஆகவே ஊரவர் கூடிப் பேசி, முறைவைத்து ஏற்றுதல் நன்று. அலை தொடும் எல்லைக்கு அப்பால், உயர்ந்த இடத்தில் படகைச் சாய்த்து வைத்தல் வேண்டும். மழைநீர் வடிய அடியிலுள்ள அடைப்பைத் திறந்துவிட வேண்டும். இயந்திரத்தை நன்னீரில் ஓடவிட்டு உப்பைக் கழுவி, எஞ்சிய எரிபொருளை வடித்து, எண்ணெய் பூசி வீட்டுக்குள் வைத்தல் வேண்டும். வலையைக் கழுவி உலர்த்தி, எலி எட்டாதவாறு தொங்கவிடல் வேண்டும். 2004 டிசெம்பர் 26ஆம் நாள் வந்த ஆழிப்பேரலை, கரையில் நின்ற படகுகளையும் வாரிச்சென்றது. எல்லா இடர்களையும் தடுக்கும் காவல் எதுவுமில்லை என்பதற்கு அது சான்று. ஆனால் ஆண்டுதோறும் வரும் மாரிக்கு ஆயத்தமாதல் மனிதர் கையில் உள்ளது.

எழுவான்கரையில் தோணி ஓயும் அதே மழையில், வாவிக்கு அப்பால் படுவான்கரையில் பெரும்போக வயல்கள் பச்சை பிடிக்கின்றன. கடலைச் சீறவைக்கும் பருவமே நிலத்துக்கு நெல்லைத் தருகின்றது. ஆதலால் அதனைப் பகையெனக் கொள்ளாது, அதன் வரவை மதித்து ஒதுங்கி நிற்பதே அறிவு. காலைதோறும் கடலோடி தன்னைத் தானே கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுண்டு: இன்று போக முடியுமா என்பதன்று, இன்று மாலை கடல் மாறினால் கரை சேர முடியுமா என்பதே. அதற்கு உறுதியான விடை கிடைக்காத முதல் நாளே தோணி கரையேறும் நாள்.