கோரைக்கிழங்கு

வயல் வரப்பிலும் வாய்க்கால் கரையிலும் அடர்ந்து நிற்கும் கோரை, பார்வைக்குப் புல்லாகத் தோன்றினாலும் சைப்பரேசி என்னும் தனிக் குடும்பத்தைச் சேர்ந்தது. அதன் பூந்தண்டு, புல்லின் தண்டைப் போல் உருண்டு உட்குழிவாக இராமல், முப்பட்டையாகவும் திண்மையாகவும் இருப்பதை விரலிடையில் உருட்டியே அறியலாம். இக்குடும்பத்தில் 'சைப்பரஸ் ரொட்டுண்டஸ்' என்று லின்னேயஸ் 1753-இல் பெயரிட்ட பல்லாண்டுச் செடியே முத்தக்காசு எனப்படும் கோரைக்கிழங்கைத் தருகிறது.

உழவரை இத்துணை வருத்தும் களை வேறில்லை என்றே சொல்லலாம். மட்டத்தண்டு, அதாவது மண்ணுக்குள் கிடையாகப் படரும் தண்டு, இடையிடையே பருத்துக் கிழங்குச் சங்கிலியாக நீள்கிறது. நுனிக்கிழங்கின் ஆதிக்கத்தால் பின்னுள்ளவை பெரும்பாலும் முளைக்காமல் உறங்கிக் கிடக்க, உழும்போது சங்கிலி அறுபட்டதும் அவை தனித்தனிச் செடிகளாக எழுகின்றன. வெயிலை விரும்பும் இச்செடி நிழலில் மெலிவதால், விரைந்து தழைத்து நிலத்தை மூடும் பயிர்கள் இதனை ஓரளவு அடக்குகின்றன.

நறுமண எண்ணெய் கொண்ட கிழங்கைச் சித்த மருத்துவம் காய்ச்சலுக்கும் கழிச்சலுக்கும் உரிய மருந்துகளில் சேர்க்கிறது. நலங்கு மாவிலும் அது இடம்பெறுகிறது. உணவாகவும் அது பயன்பட்டிருக்கிறது. சூடானில் வெள்ளை நைல் ஆற்றங்கரையை அடுத்த அல் கிடாய் என்னுமிடத்தில் கிடைத்த தொல்மனிதர் பற்களின் காறையில் இக்கிழங்கின் எச்சங்கள் இருந்ததை 2014-இல் வெளிவந்த ஆய்வு காட்டியது. அங்குப் பிற்காலத்தில் வாழ்ந்த உழவர்களிடையே பற்சொத்தை மிகக் குறைவாக இருந்ததற்கு, நுண்ணுயிர்களைத் தடுக்கும் இதன் தன்மை துணைசெய்திருக்கலாம் என்று அவ்வாய்வாளர்கள் கருதினர்.