கம்பிர்: கொக்கிக் கொடியின் பெயர்கள்

ஜொகூரின் தங்காக் மாவட்டத்தில் புக்கிட் கம்பிர் என்றோர் ஊர் இருக்கிறது. கம்பிர்க் குன்று என்று பொருள். ஜொகூர் மாநிலச் சின்னத்திலும் மிளகோடு கம்பிர் இலை இடம்பெற்றிருக்கிறது. ஒரு கொடிக்கு ஏன் இத்தனை மரியாதை?

கம்பிர், காப்பிச் செடியின் குடும்பத்தைச் சேர்ந்தது. நம் கடம்பும் அதே குடும்பம்தான். கம்பிர்ப் பூங்கொத்தும் கடம்பம்பூவைப் போலவே உருண்டையாக இருக்கும். பூக்காம்புகள் சில வளைந்து, இறுகி, கொக்கியாகிவிடும். அவற்றால்தான் கொடி பக்கத்து மரத்தைப் பற்றி ஏறுகிறது. தாவரவியலார் இதற்கு இட்ட பெயர் அன்கேரியா கம்பிர். லத்தீனில் 'அன்கஸ்' என்றால் கொக்கி. பின்பாதி மலாய் மக்கள் வழங்கிய பெயரேதான்.

ஐரோப்பிய வணிகர்களோ கொடியைப் பார்க்கவில்லை, காய்ந்த கட்டியைத்தான் பார்த்தார்கள். வெற்றிலையோடு மெல்லும் காசுக்கட்டிக்கு அவர்கள் முன்பே வைத்திருந்த 'டெர்ரா ஜப்பானிகா', அதாவது ஜப்பான் மண், என்ற பெயர் கம்பிருக்கும் ஒட்டிக்கொண்டது. அது மண்ணும் அல்ல, ஜப்பானியச் சரக்கும் அல்ல. இலையையும் இளந்தளிரையும் பெரிய கொப்பரையில் வேகவைத்து, சாற்றைச் சுண்டவைத்து, தட்டில் ஊற்றி, இறுகியதும் துண்டு போட்டுக் காயவைப்பார்கள். அதிலுள்ள துவர்ப்பு தோலைப் பதப்படுத்தும். துணிக்குச் சாயம் ஏற்றவும் உதவும். பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஐரோப்பாவின் தேவை பெருக, ஜொகூர் ஆட்சியாளர் தெமெங்கோங் இப்ராகிம் 1844 முதல் சீனத் தலைவர்களுக்கு ஆற்றங்கரை நிலங்களைச் சாகுபடி செய்ய அனுமதிக் கடிதம் கொடுத்தார். 'சூராட் சுங்கை' என்பது அதன் பெயர். தோட்டக்காரர்கள் கம்பிரோடு மிளகையும் நட்டார்கள். வெந்த இலைச் சக்கை மிளகுக்கு உரமாயிற்று. அருமையான ஏற்பாடுதான், ஆனால் காடு அதற்கு விலை கொடுத்தது. கொப்பரை அடுப்புக்கு ஓயாமல் விறகு வேண்டும். மண்ணும் சில ஆண்டுகளில் சாரமிழந்துவிடும். உடனே அடுத்த காட்டைத் திருத்தக் கிளம்புவார்கள். 1917இல் அந்த அனுமதிக் கடித முறை சட்டப்படி ஒழிக்கப்பட்டது. அதற்குள் ரப்பர் வந்து நிலத்தைப் பிடித்துக்கொண்டது. அந்த ரப்பர்க் காடுகளில் பால்மரம் வெட்ட நம்மவர்கள் வந்து சேர்ந்தார்கள்.

பச்சைத் தேநீரைப் பற்றிப் பேசும்போது அடிபடும் 'கேட்டச்சின்' என்ற சேர்மம் கம்பிரில் ஏராளம். காசுக்கட்டியின் ஐரோப்பியப் பெயரான 'கேட்டச்சு'விலிருந்துதான் அந்தப் பெயரும் பிறந்தது.

மலாய் வெற்றிலைத் தட்டில் பாக்கு, சுண்ணாம்போடு கம்பிருக்கும் தனிக் கிண்ணம் உண்டு. இன்று கம்பிர் பெருமளவில் விளைவது மேற்குச் சுமத்ராவில். அதன் பெரிய வாடிக்கையாளர் இந்தியா. தமிழகத்துக் காசுக்கட்டியைப் போலவே, அங்கே அது வெற்றிலைப் பாக்கோடு வாயைச் சிவக்க வைக்கிறது.